ஹ்வான் அண்ணாச்சியின் கை

சீன எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது என்பதற்காகவே ஒருத்திக்குச் சீன ஏடுகளை ஆராயும் இடத்தில் வேலை கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? இசக்கியம்மாளுக்கு அப்படித்தான் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் ஒரு தாளை நீட்டி, "இதில் எந்த எழுத்தாவது தெரியுமா?" என்று கேட்டார்கள். "சத்தியமா தெரியாது" என்றாள். "நாளையிலிருந்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. மூங்கில் ஏட்டில் தூரிகையால் எழுதும்போது கரி மை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. எந்தக் கோடு முதலில் விழுந்தது, எங்கே கை அழுந்தியது, எங்கே தயங்கியது என்பதையெல்லாம் அந்தப் படிவிலிருந்து கண்டுபிடிக்கிற கருவி வந்துவிட்ட காலம் அது. கருவி அந்த அசைவை ஒரு கையுறைக்கு அனுப்பும். உறையை மாட்டிக்கொண்டால், இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒருவரின் கை உங்கள் கையைப் பிடித்து எழுதவைக்கும். ஆனால் கருவிக்கும் ஒரு கோணல் உண்டு. ஒரு கோட்டை மேலிருந்து இழுத்தாரா, கீழிருந்து ஏற்றினாரா என்று பாதி இடத்தில் இரண்டு வழியையும் காட்டிவிட்டு முழிக்கும். எது இயல்பாக ஓடுகிறது என்று மனுஷக் கைதான் சொல்லவேண்டும். சீனம் படித்த கை என்றால் பள்ளியில் பழகிய வழிக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே பழகாத கை வேண்டும். அந்தக் கைக்காரி கையெழுத்திட்டுத் தருவதற்குப் பெயர் கைச்சான்று. அது இல்லாமல் கருவி சொன்னது எதுவும் எந்தச் சபையிலும் செல்லாது.

ஆறு வருஷத்தில் இசக்கியம்மாள் நாலாயிரம் ஏட்டுக்குச் சான்று எழுதியிருந்தாள். ஒன்றுகூடப் பொய் கிடையாது. "பொய்ச் சான்று போட்ட கை வெளங்காது" என்பாள். அவள் அம்பாசமுத்திரத்துக்காரி. வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒளிவுமறைவு கிடையாது.

அந்த ஆய்வகம் இருந்தது கடலில் மிதக்கிற ஒரு நகரத்தில். காகிதத்தில் அதற்கு வாயில் நுழையாத நீளப் பெயர். தமிழர்கள் கப்பல்பட்டி என்பார்கள். பதினோரு மொழிக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர்.

ஒரு புதன்கிழமை காலையில் இசக்கி உறையோடு எழுந்து நின்று கத்தினாள். "லியூ! இங்க ஓடி வா. இந்த மனுசன் எல்லாத்தையும் ஏமாத்திருக்காரு!"

லியூ ஏடுகளை வாசித்துப் பொருள் சொல்கிறவள். கப்பல்பட்டியிலேயே பிறந்தவள், மூன்று மொழியில் சண்டை போடுவாள். தமிழ் அதில் ஒன்று.

"யாருக்கா?"

"நம்ம ஹ்வான் அண்ணாச்சிதான்."

ஹ்வான் என்பவர் சூ நாட்டில் ஓர் ஊர்ச் சாவடியின் எழுத்தர். அவர் கல்லறையிலிருந்து எடுத்த ஏடுகள்தான் நாலு மாதமாக மேசைமேல் இருந்தன. அவர் காலத்தில் சின் அரசு சூ உட்பட மற்ற ஆறு நாட்டையும் விழுங்கி, அதன் மன்னர் பேரரசர் ஆனார். ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இனி சின் எழுத்தைத்தான் எழுதவேண்டும் என்று உத்தரவு போட்டார். மீறினால் என்ன ஆகும் என்பதை ஹ்வானே ஓர் ஏட்டில் எழுதிவைத்திருந்தார். பக்கத்து ஊர் எழுத்தர் பழைய வழியில் எழுதினார் என்று சங்கிலி போட்டு மதில் கட்டக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

"உத்தரவு வந்த பெறகு அண்ணாச்சி எழுதின ஏடு நூத்தெழுவது. எல்லாம் சின் எழுத்துதானே?" என்று இசக்கி கேட்டாள்.

"அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. ஒரு குறை சொல்ல முடியாது."

"எழுத்துல குறை இல்லட்டி. கையை நீட்டு."

தன் உறையைக் கழற்றி லியூவின் கையில் மாட்டினாள். படித்த கை சாட்சிக்கு ஆகாது, ஆனால் வேடிக்கை பார்க்க என்ன தடை? ஏடு ஓட ஆரம்பித்ததும் லியூவின் விரல்கள் முரண்டு பிடித்தன.

"ஐயோ, தலைகீழா போகுது! முடிக்கிற இடத்துல ஆரம்பிக்கிறார்." லியூ சட்டென்று நின்றாள். "அக்கா, இது சூ நாட்டுப் பழைய கை. உத்தரவுக்கு முந்தின ஏட்டுல இப்படித்தான் எழுதுவார்."

"அதத்தானே சொல்லுதேன். வடிவத்தை அவங்களுக்குக் குடுத்துட்டாரு. கையைக் குடுக்கல. கடைசி ஏடு வரைக்கும் இப்படித்தான்."

"பதினோரு வருஷமா?"

"பதினோரு வருஷமா!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இசக்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதோ தன் சித்தப்பாவே பேரரசரை எதிர்த்து நின்றதுபோல அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "சபாஷ் அண்ணாச்சி" என்று ஏட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? நேரே ஆய்வகத் தலைவர் ஜெயசீலனின் அறைக்குப் போய், மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஜெயசீலன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இசக்கி, நீங்க என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியலைம்மா! ரெண்டு வருஷமா நான் தேடிட்டிருந்தது இதைத்தான்."

ஆய்வகத்துக்குப் படியளந்தது சீர்மை என்ற ஒரு நிறுவனம். பழைய ஏட்டுக்குச் செய்த உறையையே சின்னதாக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. நகரத்தின் இயந்திரங்கள் பதினோரு மொழிக் கையெழுத்தைப் படிக்கமுடியாமல் திணறின. ஆகவே எந்த மொழியானாலும் எல்லாப் பிள்ளைகளும் அந்த மொழிக்குரிய ஒரே அச்சில், வலது கையால் எழுதவேண்டும் என்று கல்விக் குழு முடிவு செய்திருந்தது. முதலில் நாலு பள்ளியில் சோதனை. அதில் ஒன்று இசக்கியின் மகள் ஆவுடை படிக்கிற பள்ளி.

"அந்தப் பேரரசர் எங்க கோட்டை விட்டார் பாத்தீங்களா?" என்றார் ஜெயசீலன். "எழுதி முடிச்ச எழுத்தைப் பாத்தார், எழுதுற கையைப் பாக்கலை. இப்போ பிள்ளைங்க போட்டிருக்கிற உறையும் அப்படித்தான். வடிவம் சரியா இருந்தா பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். நம்ம புது உறை அப்படி இல்லை. விரலையே பிடிச்சு நடத்தும். வழி மாறினா விடாது."

"விடாதுன்னா?"

"இறுக்கும். பெருசா வலிக்காதும்மா. நாளைக்குப் பத்து மணிக்குக் குழு கூடுது. பழைய உறையே போதும்னு முடிவாச்சுன்னா அஞ்சு வருஷத்துக்கு அதுதான், யாரும் தொட முடியாது. உங்க சான்றை வச்சேன்னா புது உறைதான். சரித்திரமே சாட்சி சொல்லுதே!"

இசக்கியின் காது சிவந்தது. அவளுக்குக் கோபம் முதலில் காதில்தான் ஏறும். "சார், ஒரு மனுசன் தலை நிமிந்து நின்ன கதையைச் சந்தோசமாச் சொல்ல வந்தேன். நீங்க அவரு கழுத்துக்குக் கயிறு அளக்கீங்க."

"அந்தாள் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. அவர் கழுத்துக்கு என்ன?"

"எம்மவ கழுத்து இருக்குலா. அவ எடக்கைக்காரின்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"பழகிட்டாளே! போன மாசம் பள்ளிக்கூடத்துல முதல் கைன்னு நட்சத்திரம் வாங்கினது உங்க பொண்ணுதானே?" ஜெயசீலன் கெட்டவர் இல்லை. நல்ல மனசோடுதான் சிரித்தார். "உண்மை உண்மைதானேம்மா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். அதனாலதான் உங்க சான்றுக்கு மதிப்பு."

அந்த நட்சத்திரத்தைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது? அது வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது, பார்க்கும்போதெல்லாம் அதைக் கிழித்துப் போடலாமா என்று இசக்கிக்குத் தோன்றும். ஆவுடைக்கு ஒன்பது வயசு. உறை வருவதற்கு முன்பு அவள் இடக்கை சும்மா இருந்ததே கிடையாது. சுவர், கதவு, சோற்றுத் தட்டின் பின்பக்கம் எல்லாம் நண்டு வரைவாள். உறை வந்து நாலு மாதமாக ஒரு கோடு கிடையாது. பேச்சும் குறைந்துபோனது. எழுதும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் போனால் நோட்டின்மேல் கவிழ்ந்துகொள்வாள். பிள்ளையை உடைத்துவிட்டார்கள் என்றுதான் இசக்கி நினைத்தாள். பள்ளிக்கூடம் போய் இரண்டு தடவை சண்டையும் போட்டாள். "உங்க பொண்ணு எவ்வளவு அழகா எழுதுறா பாருங்க" என்று நோட்டைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. ஆவுடை கடல் பார்த்த சன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. சன்னல் கண்ணாடியில் பிள்ளையின் முகமும் நோட்டும் கையும் தெளிவாகத் தெரிந்தன.

இசக்கி செருப்பைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள்.

எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தைய கைகளையெல்லாம் பார்த்தவள், பெற்ற பிள்ளை எழுதுகிற கையை இந்த நாலு மாதத்தில் ஒரு தடவையாவது பார்த்தாளா? எல்லோரையும்போல அவளும் நோட்டைத்தான் பார்த்தாள். இப்போது கையைப் பார்த்தாள். உறை மாட்டிய வலக்கை 'அ' எழுதியது. வாலிலிருந்து தொடங்கியது. பின்னாலேயே ஏறிப்போய், வயிற்றைச் சுற்றி, சுழியில் வந்து முடிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த எழுத்தும் கடைசியிலிருந்துதான். அதற்கும் பச்சை. இடக்கைக்கு எந்தப் பக்கம் தோதோ அந்தப் பக்கமிருந்தே ஒவ்வொரு எழுத்தையும் அந்த வலக்கை கட்டி முடித்தது.

"ஏட்டி" என்றாள் இசக்கி. செருப்போடேயே உள்ளே வந்து, "ஏட்டி ஆவுடை" என்றாள்.

ஆவுடை நோட்டின்மேல் கவிழ்ந்தாள். தலையைத் தூக்கியபோது கண்ணாடியில் அம்மாவின் கண்ணும் மகளின் கண்ணும் சந்தித்தன. பிள்ளையின் முகம் வெளுத்துப்போனது.

"அம்மா, யார்ட்டயும் சொல்லிராத."

"எத்தன நாளா இப்பிடி எழுதுத?"

"ரெண்டாவது வாரத்துலருந்து. நான் மட்டும் இல்ல. எங்க கிளாசுல பதினாலு பேரு இருக்கோம். எடக்கைப் பழக்கம் இல்லாதவங்களும் இருக்காங்க. இது ஒரு விளையாட்டு மாதிரி. ஆனா விளையாட்டு இல்ல."

"டீச்சருக்குத் தெரியாதா?"

"டீச்சர் நோட்டத்தானே பாப்பாங்க."

இசக்கி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா? நான் ஒண்ணுக்கு ரெண்டா நெனச்சு தெனமும் செத்துட்டு இருந்தேனே. ஏன் சொல்லல?"

ஆவுடை கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "ஒனக்குத்தான் பொய் சொல்லத் தெரியாதே. யாராவது கேட்டா நீ உண்மையச் சொல்லிருவ."

இசக்கிக்குப் பளாரென்று அறைந்ததுபோல இருந்தது. அன்று காலையில்தானே ஓடிப்போய்ச் சொன்னாள்? ஹ்வான் அண்ணாச்சி பதினோரு வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காப்பாற்றியதை, படி ஏறிப்போய் ஒரே மூச்சில் போட்டு உடைத்தவள் அவள்தானே? நாளைக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால் பதினாலு பிள்ளைகளின் விரலையும் அந்தப் புது உறை இறுக்கும்.

"படம் ஏன் வரையறதில்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆவுடை எழுந்துபோய்த் துணி அலமாரியின் கதவைத் திறந்தாள். தொங்கிய சட்டைகளை ஒதுக்கினாள். உள்சுவர் முழுக்க நண்டு. பெரிய நண்டு, குட்டி நண்டு, செருப்புப் போட்ட நண்டு. இசக்கி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் ஏழு மணிக்கே அவள் ஆய்வகத்தில் இருந்தாள். சான்றுத் தாள் வெறுமையாக மேசையில் கிடந்தது. எடுத்த முடிவில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் கை அந்தத் தாளைத் தொடக் கூசியது. பொய்ச் சான்று போட்ட கை வெளங்காது என்று அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாளே!

தாளைப் பார்க்கப் பிடிக்காமல் ஏட்டைப் பார்த்தாள். ஒவ்வோர் ஏட்டின் அடியிலும் தனியாக ஒரு சின்னக் குறி இருந்தது. ஹ்வானின் கை இல்லை என்பதால் அதை யாரும் இதுவரை உறையில் ஓட்டிப் பார்க்கவில்லை.

லியூ வந்ததும் கேட்டாள். "இந்தக் குறி யாருது?"

"பரிசோதகர். ஜியான்னு பேர். தலைநகரத்துலருந்து அனுப்பின சின் ஆளு. பார்த்தேன், சரின்னு போட்டிருக்கார். எழுத்தர் எழுதும்போது பக்கத்துலயே நின்னு பாக்கணும்னு அந்த ஊருக்கு உத்தரவு. ஏட்டை மட்டும் வாங்கிப் பாத்துட்டுப் போகக் கூடாதாம்."

"பக்கத்துலயே நின்னா?"

"ஆமாக்கா."

"அப்ப பாத்திருப்பாருலா?"

இசக்கி உறையை மாட்டிக்கொண்டு, உத்தரவுக்குப் பின் எழுதிய முதல் ஏட்டின் அடிக்குறியை ஓட்டினாள்.

கை சின் கைதான், மேலிருந்து கீழே ஒழுங்காக வந்தது. ஆனால் தொடங்குவதற்கு முன் தூரிகை ஏட்டைத் தொட்டு, தூக்கி, மறுபடி தொட்டது. பிறகு நடுங்கியது. சாதாரண நடுக்கம் இல்லை, இசக்கியின் மணிக்கட்டு வரை உதறியது. பார்த்தேன், சரி என்று அந்த மனுஷன் எழுதி முடிப்பதற்குள் அவளுக்கே வேர்த்துவிட்டது. இரண்டாவது ஏட்டிலும் நடுக்கம். ஐந்தாவதில் குறைந்தது. இருபதாவதில் நடுக்கம் நின்றேவிட்டது. கடைசி ஏட்டில், ஹ்வான் சாகிற வருஷம் எழுதியதில், குறி லேசாக, வேகமாக, சொந்தக்காரருக்குக் கடிதம் போடுகிறவர்போல விழுந்திருந்தது.

"எல்லாம் பாத்துட்டுத்தான் சரின்னு போட்டிருக்காரு. இந்தாளுக்கும் பொய் சொல்லிப் பழக்கம் இல்ல" என்றாள் இசக்கி. உறையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

பத்து மணிக்குக் குழு கூடியது. தலைவி திருமதி கோ நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜெயசீலன் பேரரசரைப் பற்றி நன்றாகவே பேசினார். கடைசியில், "இதோ, கைச்சான்று" என்று இசக்கியைக் கைகாட்டி உட்கார்ந்தார்.

இசக்கி எழுந்து வாசித்தாள். "உத்தரவுக்குப் பின் எழுதிய நூற்றெழுபது ஏட்டிலும் ஹ்வானின் கை முழுவதும் சின் முறைக்கு மாறியிருக்கிறது. பழைய அசைவு எங்கும் இல்லை. வடிவத்தைப் பார்த்ததே போதுமானதாக இருந்திருக்கிறது."

ஜெயசீலன் துள்ளி எழுந்தார். "இசக்கி, நேத்து நீங்க என்கிட்ட..."

"நேத்து எனக்குக் கை வலி, சார். இன்னைக்குத் தேவல."

"விளையாடாதீங்க! லியூ, நீங்களும் உறையைப் போட்டுப் பாத்தீங்கதானே? சொல்லுங்க."

லியூ நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போட்டேன் சார். ஆனா படிச்ச கை சாட்சி சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே விதி போட்டீங்க?"

திருமதி கோ மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வேறொரு கையை வைத்துப் பார்க்க முடியாதா?"

"எழுத்து தெரியாத ஒரு கையைத் தேடி உறைக்குப் பழக்க ரெண்டு வருஷம் ஆகும்" என்றாள் லியூ.

திருமதி கோ இசக்கியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் உறுதியாகச் சொல்கிறீர்களா?"

"ஆறு வருசத்துல நான் ஒரு பொய்ச் சான்று போட்டதில்லன்னு சார்தான் ஊரு பூரா சொல்லுவாரு" என்றாள் இசக்கி. காது சிவக்கவில்லை. "அவருட்டயே கேளுங்க."

ஜெயசீலன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று சொன்னால் நாலாயிரம் சான்றும் சரியும், ஆய்வகமும் சரியும். அவர் புத்திசாலி, அது அவருக்கு உடனே புரிந்தது. பதினொன்றரைக்குப் பழைய உறையே போதும் என்று ஐந்து வருஷத்துக்குத் தீர்மானம் ஆனது. பன்னிரண்டு மணிக்கு இசக்கிக்கு வேலை போனது.

"ஏன் இசக்கி இப்படிப் பண்ணீங்க?" என்று வாசலில் ஜெயசீலன் கேட்டார். கோபத்தைவிட அவர் முகத்தில் குழப்பம்தான் அதிகம். "உண்மைன்னா உங்களுக்கு உயிராச்சே."

"ஆமா சார். அதான் பத்தரமா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் படகுத்துறைக்கு நடந்தாள்.

ஆவுடை பள்ளி விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பையை இறக்காமல் நின்றாள்.

"என்னாச்சு? சொல்லிட்டியா?"

"இல்லட்டி. பொய் சொல்லிட்டு வந்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டே சொன்னேன். வேலை போயிருச்சு." இசக்கி தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எழுதும்போது கை என்னா நடுக்கம் நடுங்கிச்சு தெரியுமா?"

ஆவுடை பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதத் தடவ அப்படித்தாம்மா இருக்கும்" என்றாள். "எனக்கும் நடுங்கிச்சு."